இசைத்தட்டுகளை மயிலாப்பூருக்கே விட்டுவிடலாமா?

பழைய சாஸ்திரிய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடிச் சேர்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கேட்டுப் பேசுகிறோம் என்று சொன்னால் நம் தோழர்களுக்கே முதலில் சிரிப்புதான் வருகிறது. "அதெல்லாம் மயிலாப்பூர் மாமாக்கள் வேலையாச்சே தோழர், பர்கூர்ல எதுக்கு?" என்கிறார்கள். சிலர் சிரிப்பதில்லை, கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணை மணந்துகொண்ட மகனைத் தகப்பனே வெட்டிக் கொன்றார். தடுக்கப்போன பாட்டியும் பலியானார். இப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு தோடி ராகம் கேட்கிறோம், அதைப் பற்றி விவாதிக்கிறோம் என்றால், 'வேறு வேலை இல்லையா?' என்று கேட்கத்தான் செய்வார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பர்கூர் ஜவுளிக்குப் பேர்போன ஊர். ஒரு பக்கம் துணிக் கடைகள், இன்னொரு பக்கம் கிரானைட், பக்கத்திலேயே சிப்காட். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே டீக்கடையில் கேட்கும். நாங்கள் ஆறேழு பேர். ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர்கள். துணி பண்டல்களுக்கு நடுவே ஒரு பழைய பிளேயர், ஒரு ஸ்பீக்கர், ஒரு மடிக்கணினி. பெங்களூரு சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிறு சந்தையில் கிடைத்த தட்டுகள், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்த கேசட்டுகள், இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட பதிவுகள். இவ்வளவுதான் எங்கள் சேகரிப்பு. பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. நம்மிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்பதற்கான சாட்சியங்கள் இந்தத் தட்டுகளில் இருக்கின்றன. சாட்சியத்தை எதிராளியின் வீட்டு அலமாரியிலேயே விட்டுவைத்துவிட்டு வழக்கு நடத்த முடியாது.

முதல் குரல்கள் யாருடையவை?

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் வந்து பதிவு செய்த முதல் பெரிய நட்சத்திரம் கௌஹர் ஜான், நாட்டியமும் பாட்டும் தொழிலாகக் கொண்ட பெண். அப்போது இங்கே தட்டு அச்சிடும் ஆலை கிடையாது. பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வரும். கல்கத்தாவில் ஆலை வந்தது 1908இல்.

தென்னாட்டில் அந்தப் புனலுக்கு முன்னால் முதலில் வந்து நின்ற பெண் குரல்கள் யாருடையவை என்று பாருங்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள். இவர்கள் தேவதாசி மரபில் வந்தவர்கள். இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும், கண்ட கண்ட இடத்தில் பாட்டு ஒலித்தால் மரியாதை கெட்டுவிடும் என்று 'பெரிய' வித்வான்கள் பலர் ஒதுங்கி நின்ற காலம் அது. அந்தப் பெண்களோ துணிந்து வந்து, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் என்ற கணக்குக்குள் ராகத்தையும் பாட்டையும் சுருக்கிக் கொடுத்தார்கள். இன்றைக்குத் தென்னிந்திய இசையின் நூறாண்டுப் பழைய ஒலி ஏதாவது நம் காதுக்குக் கிடைக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்தப் பெண்களின் கொடை.

சேலம் கோதாவரியை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். 1965இல் தருமபுரி பிரிந்ததும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்ததும் பிற்காலக் கதை. அதற்கு முன் பர்கூரும் சேலம் ஜில்லாதான். தமிழ்ப் பெண் குரல் தட்டில் ஏறிய முதல் பத்தாண்டிலேயே நம் ஜில்லாவின் பெயர் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது இதை நமக்குச் சொன்னார்களா?

கோயம்புத்தூர் தாயியின் கதை இன்னும் வியப்பானது. அவர் வள்ளலாரின் அருட்பா பாடிய தட்டு ஒன்று ஐரோப்பா வரை போனது. மொரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதைக் கேட்டு மயங்கி, 1910களில் 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பு செய்தார். பியானோவில் ஒரு தந்தியின் அதிர்வைத் தணித்து நம் தாளவாத்தியத்தின் மொத்து ஒலியை வரவழைக்க முயன்றிருக்கிறார். சாதியையும் சமயச் சழக்கையும் சாடிய வள்ளலாரின் பாட்டு, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட குலத்துப் பெண்ணின் குரலில், பாரிஸ் வரை போய் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அதே நூற்றாண்டில் தாயி என்ற பெயர் நம் ஊர் சபாக்களின் பேச்சிலிருந்து மறைந்துபோனது. அவர் 1917இலேயே இறந்துவிட்டார்.

இசைத்தட்டின் லேபிளையே ஒரு ஆவணமாகப் படிக்கலாம். பெண்கள் ஊர்ப் பெயரோடு வருகிறார்கள், ஆண்கள் பெரும்பாலும் ஐயர், ஐயங்கார், பிள்ளை என்ற வாலோடு வருகிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல், பத்து வயதில், தாய் சண்முகவடிவு வீணை வாசிக்க முதல் தட்டைப் பாடினார். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. தலையெழுத்தில் தாயின் பெயர். அந்த 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒரு தாய்வழிக் குலமே இருக்கிறது. பின்னாளில் அவரை ஒரு பார்ப்பன இல்லத்தரசியின் இலக்கணமாகவே நாடு கொண்டாடியது. பாரத ரத்னா தந்தது. ஆனால் அந்தச் சிறுமியின் தட்டைக் கேட்டுவிட்டுப் பிற்காலப் பதிவைக் கேளுங்கள். குரல் மட்டுமல்ல, குரலைச் சுற்றியிருந்த உலகமும் மாறியிருப்பது தெரியும்.

துடைத்து எடுத்த கை

பிறகு என்ன நடந்தது? 1928இல் மியூசிக் அகாடமி தொடங்குகிறது. இசைக்கு 'தூய்மை' தேவைப்படுகிறது. பரம்பரையாகப் பாடியவர்களின் பாட்டு வேண்டும், பாடியவர்கள் வேண்டாம். இந்தத் தட்டுகளே அதற்கு உதவின என்பதுதான் கொடுமை. தாசி வீட்டுக்குப் போகாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், கூடத்தில் உட்கார்ந்தபடியே அவள் பாட்டைக் கேட்கலாம், வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். குரலை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் வசதி அது.

தேவதாசி முறையை நாம் கொண்டாடவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் போராடி, 1947இல் சட்டமாகி ஒழிந்த அந்த முறை ஒழிய வேண்டியதுதான். ஒரு பெண்ணைச் சாமிக்கு நேர்ந்துவிடுவதில் எந்தக் கலை மேன்மையும் இல்லை. ஆனால் முறையை ஒழித்த கையோடு அந்தப் பெண்களின் உழைப்பையும் அறிவையும் வேறொருவர் பெயரில் பட்டா மாற்றிக்கொண்டதை நாம் கேள்வி கேட்கிறோம்.

நாகரத்தினம்மாளைப் பாருங்கள். திருவையாற்றில் தியாகராசரின் சமாதியை 1920களில் தன் சொந்தக் காசில் கட்டியெழுப்பியவர் அவர். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றான பிறகுதான் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1910இல் முத்துப்பழனி என்ற பெண் கவியின் 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தை வெட்டில்லாமல் பதிப்பித்து, ஆபாசம் என்று அரசாங்கத்தின் தடையை வாங்கிக்கொண்டவரும் இவரே. இவர் குரல் தட்டில் இருக்கிறது. கேட்டால், 'மரபு' என்று நமக்குச் சொல்லித்தரப்பட்ட கதைக்குள் எத்தனை பேரின் முதுகு வளைந்திருக்கிறது என்று தோன்றும்.

நாயனக்காரர்களின் கதை வேறு. இவர்கள் இல்லாமல் சாமி நகராது, கல்யாணம் நடக்காது. ஆனால் மேடையில் உட்காரக் கூடாது, சட்டை கூடாது, துண்டு தோளில் கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். சுயமரியாதை இயக்கக் காலத்தில் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டு நாயனம் வாசிக்க, துண்டை எடு என்று செல்வந்தர்கள் மிரட்ட, எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி முன்னால் வந்து நின்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, கோட்டுப் போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றவர். அவர் வாசித்த தோடியின் தட்டு வீடு வீடாகப் போனது. 1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் ஒலித்ததும் அவர் நாயனம்தான். அவர் தோடியை 'தெய்வீகம்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறவர்கள், துண்டையும் கோட்டையும் பற்றிப் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

லேபிளில் வராத பெயர்

இதோடு நிறுத்தினால் நம் கதையும் பாதிக் கதைதான்.

ஒரு பழைய தட்டில் பாடியவர் பெயர் இருக்கும். ராகம், தாளம் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் பல தட்டுகளில் இருக்காது. மிருதங்கம் செய்தவர் பெயர் எந்தத் தட்டிலும் இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தொப்பியிலும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாரும் தோல். அறுத்து, ஊறவைத்து, இழுத்து, காயவைத்து, கையை மணக்கவிட்டு அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை உலகமே புகழ்ந்தது. அந்த நாதத்தைக் கட்டிக்கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரைப் பொதுவெளி கேட்க எத்தனை காலம் ஆனது? டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் எழுதிய பிறகுதான் பலர் கேள்விப்பட்டார்கள். அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் கொடுத்து, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. பசுத்தோலின் ஓசை வேண்டும், அந்தத் தோலைப் பற்றிய பேச்சு மட்டும் மேடைக்கு ஆகாது.

அதைச் சொல்லவும் ஒரு பார்ப்பனப் பாடகர்தான் வரவேண்டியிருந்தது என்பது நமக்கும் ஒரு கேள்வி. அந்தப் பட்டறைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு நாம் ஏன் முதலில் போகவில்லை?

இன்னொன்று. தட்டுக் காலம் முடிந்து 1950, 60களில் ஸ்பூல் டேப் வந்தது. அந்த மெஷினை வாங்க வசதியும், சபாவுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் வைக்க உரிமையும் யாருக்கு இருந்தது? அவர்கள் எதைப் பதிவு செய்தார்களோ அதுதான் இன்றைக்கு 'பொக்கிஷம்'. ஒரே வித்வானின் ஒரே கீர்த்தனை பத்துக் கச்சேரிகளிலிருந்து கிடைக்கிறது. எந்த ஆண்டு எந்தப் பல்லவி என்று நாள் கணக்கில் வாதாடுகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தன்னார்வலர்கள் பலர் காசு வாங்காமல் எல்லோருக்கும் பகிர்கிறார்கள், நாமும் கேட்கிறோம். ஆனால் அதே ஆண்டுகளில் நம் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தின் முகவீணை எங்கே? பறையாட்டத்தின் அடிகள் எங்கே? நடவுப் பாட்டு, ஒப்பாரி எங்கே? அவை இல்லாததால் பதிவாகாமல் போகவில்லை. அந்தத் தெருவில் மெஷின் இல்லை. கொஞ்சம் பதிவானவையும், கூரை வீட்டில் மழைக்கும் கரையானுக்கும் தப்ப வேண்டும். நத்தம் காலனியில் எரிந்தவற்றில் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. வீடு எரிந்தால் முதலில் போவது காகிதமும் நாடாவும்தான். ஒரு சாதிக்கு ஆவணக் காப்பகமும் இன்னொரு சாதிக்குச் சாம்பலும் என்று ஆனபின், 'உங்களுக்குக் கலை வரலாறே இல்லையே' என்று கேட்பது எளிது.

பெரியப்பா கேட்ட பாதி ராகம்

என் பெரியப்பா இளமையில் மேளம் அடித்தவர். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எங்கள் தெரு இளைஞர்கள் முடிவெடுத்தபோது அவரும் இறக்கி வைத்தவர். சுவரில்கூட மாட்டவில்லை, பரணில் போட்டுவிட்டார். போன ஆண்டு நான் போனில் ரெக்கார்டரைத் திறந்துகொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அடிகளின் பெயர்களைச் சொல்லுங்கள், கொஞ்சம் அடித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது எதுக்குடா ஒனக்கு? எங்களோட போவட்டும்னுதானே எறக்கி வெச்சோம்? இத ரெக்கார்டு பண்ணி யாருக்குக் காட்டப் போற?"

என்னிடம் பதில் இல்லை. பறை நம் ஆதி இசை என்று மேடையில் முழங்கத் தெரிந்த எனக்கு, அதே பறைக்காக நடுராத்திரியில் எழுப்பிக்கொண்டு போகப்பட்ட ஒருவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இழிவென்று திணிக்கப்பட்ட தொழிலைக் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதும், அதே பறையை விடுதலை முழக்கமாக நாம் மேடை ஏற்றியதும், இரண்டும் நம் இயக்கத்தின் வரலாறுதான். இரண்டுக்கும் நடுவில் பெரியப்பாவைப் போல ஒரு தலைமுறை நிற்கிறது. அவர்களைக் கேட்காமல் பொத்தானை அழுத்த நமக்கு உரிமை இல்லை.

ரெக்கார்டரை நிறுத்தினேன். சும்மா இருக்கட்டுமே என்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டேன். சாய்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு சொன்னார்:

"திருவிழால தேரு நம்ம தெருவுக்கு வராது. அந்த முனையிலயே திரும்பிடும். நாயனம் வரவர நல்லா கேக்கும். அப்பறம் திரும்பிப் போவும், ஒண்ணும் கேக்காது. நான் எல்லாத்தையும் பாதிதான் கேட்டிருக்கேன். இது முழுசா இருக்குதே."

ஒரு மனிதர் எழுபது வயது வரை ஒரு ராகத்தை முழுதாகக் கேட்டதில்லை. காது கேளாததால் அல்ல, தேர் திரும்பும் முனையால். தீண்டாமை ஓசைக்கும் எல்லை போட்டிருக்கிறது. 'வேறு வேலை இல்லையா?' என்று கேட்ட தோழர்களுக்கு அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

சில வாரங்கள் கழித்து அவரே கூப்பிட்டார். மூன்று அடிகள் பதிவு செய்தோம். நிபந்தனை போட்டார். சாவடி கூடாது. சாதிப் பெயரைப் போடக் கூடாது. தன் பெயரும், தனக்குக் கற்றுக்கொடுத்த தாய்மாமன் பெயரும் போட வேண்டும். தன்னைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. இன்றுவரை ஏற்றவில்லை.

மொழிச் சண்டையும் எல்லைப்புறமும்

எங்கள் விவாதங்களில் சூடு பறப்பது மொழி வரும்போதுதான். 1917இல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' எழுதித் தமிழிசையின் தொன்மையை நிறுவ முயன்றார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் என்ற தீர்மானம் வந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியதைத் 'தீட்டு' என்று பேசிய கொடுமையைக் 'குடிஅரசு' தோலுரித்தது. இந்த வரலாறு நம் உரம். அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் பர்கூரில் உட்கார்ந்து யோசித்தால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற உழைக்கும் மக்கள் ஏராளம். அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் தாலாட்டே தெலுங்கில்தான். எங்கள் குழுவில் ஒரு தோழர், "கீர்த்தனை தெலுங்கில் இருப்பதால் பார்ப்பனியம் என்றால், என் ஆயா தெலுங்கில் பாடியது என்ன?" என்று கேட்டார். சரியான கேள்வி. சிக்கல் தெலுங்கு அல்ல. எந்தத் தெலுங்கு மேடையில், எந்தத் தெலுங்கு செருப்புத் தைக்கிற திண்ணையில் என்பதுதான் சிக்கல். தமிழிசை இயக்கம் மேடையின் மொழியை மாற்றப் போராடியது. மேடைக்கு வெளியே நின்ற பறையை அதுவும் உள்ளே கூப்பிடவில்லை. மேளக்காரர்களிலும் சாதி மேல்கீழ் இருந்தது. தலித் தெருவுக்குள் வாசிக்க மறுத்தவர்களும் அவர்களில் உண்டு. இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் நாம் தமிழிசை பேச வேண்டும்.

'பக்திப் பாட்டைக் கேட்டு என்ன பகுத்தறிவு வரும்?' என்றும் கேட்கிறார்கள். கேட்பது கும்பிடுவது ஆகாது. அண்ணல் அம்பேத்கர் முதிர்ந்த வயதில் வயலின் கற்றுக்கொண்டவர். இசையை ரசிப்பது யாருக்கும் அடிமைச் சாசனம் எழுதிக்கொடுப்பதல்ல. நம் பக்கமும் இசை இருக்கிறது. இன்குலாபின் 'மனுசங்கடா'வைத் தெருத்தெருவாகக் கொண்டுபோன கே.ஏ. குணசேகரனின் குரல் கேசட்டில் வந்தது. கேசட் விலை குறைவு, எவரும் பதியலாம் என்பதால் அது வந்தது. 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி யாருடைய மாதம் என்ற கேள்வி மேடையிலேயே எழுந்துவிட்டது. அடுத்த கேள்வி காப்பகம். இந்தக் குரல்களெல்லாம் ஐம்பதாண்டு கழித்து எங்கே இருக்கும்?

என்ன செய்யலாம்?

எங்கள் சிறு அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

தட்டு கிடைத்தால் லேபிளின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். லேபிளைச் சுற்றித் தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது பதிவானது என்று கண்டுபிடிக்க அதுதான் சாவி. 78 வேகத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் கரையும், கீழே விழுந்தால் உடையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். எல்.பி. முள்ளால் ஓட்டாதீர்கள், 78க்கென்று தடித்த முள் தனியாக இருக்கிறது. கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகும், மெஷினும் கெடும்.

கணினிக்கு மாற்றும்போது முதல் பிரதியை எம்.பி.3 ஆகச் சுருக்காமல் முழுதாக வையுங்கள். மூன்று இடத்தில் பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். 1960க்கு முன் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு இன்றைக்குப் பொதுச்சொத்து. பாட்டை எழுதியவரின் உரிமை தனி, அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது, பாடியவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். வாசித்தவர், கருவி செய்தவர், கற்றுக்கொடுத்தவர், பதிவு செய்தவர், எந்தத் தெருவில் பதிவானது, அந்தத் தெருவுக்குள் யார் வர முடிந்தது, யார் வர முடியவில்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். நம் பட்டியலுக்கும் மற்றவர்கள் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடே அதுதான். உயிரோடு இருப்பவரிடம் கேட்டுப் பதியுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதும் வரலாறுதான். அதையும் அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள்.

சேர்த்ததைப் பூட்டி வைக்காதீர்கள். அபூர்வம், என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று பெருமைப்படும் சேகரிப்பாளரின் புத்தி நமக்கு வேண்டாம். அறிவைப் பூட்டி வைத்துத்தானே நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள்?

தோழர்களே, அடுத்து ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். பெரியம்மா கல்யாணக் கேசட், கூத்து வாத்தியார் வீட்டு டேப், நின்றுபோன ரெக்கார்டிங் கடையின் மூட்டை, எதுவானாலும் சரி. எடைக்குப் போடும் முன் ஒரு முறை கேளுங்கள். பக்கத்தில் வயதானவர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை போடுங்கள்.